ஏரிக்குப் போகும் பாதையில் பஸ் அக்கா

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளை பஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை பாதிக்குமேல் நரைத்த பிறகும் அக்காதான். முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளை அதே மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோதும், "அக்காவுக்கு டாட்டா சொல்லு" என்றே சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

பஸ் ஓட்டுவதில் கெட்டிக்காரி. பயப்படுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. சாலையை எவ்வளவு பார்ப்பாளோ அதே அளவு தலைக்குமேல் இருக்கும் கண்ணாடியையும் பார்ப்பாள். எவன் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறான், எவள் சீட்டின்மேல் ஏறி நிற்கிறாள் என்று கண் அங்கேயேதான் இருக்கும். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் அவளுக்கு மனசு ஆறாது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சீட்டு வரைக்கும் நடந்து, யாராவது தூங்கிப்போய்க் கிடக்கிறார்களா என்று ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் குனிந்து பார்ப்பாள். ஷெட்டில் மற்ற டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"என்னக்கா, இன்னைக்காவது ஏதாச்சும் சிக்குச்சா?"

"ஒரு செருப்பு கிடைச்சுது. வேணும்னா கிட்ட வா, தர்றேன்."

இப்படி அவள் பயமெல்லாம் பஸ்ஸோடு நின்றுகொண்டிருந்தது. வீட்டில் அவள் நிம்மதியான மனுஷி. வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். வாய் ஓயாத ஆள். எதையும் ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டுப் போகிறவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பியாகிவிட்டது. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. இரண்டு பேர் சம்பாத்தியம். குறை ஒன்றுமில்லை.

அந்த நிம்மதிக்கு ஒரு வெயில் நாளில் வேட்டு விழுந்தது. ஏதோ ஒரு அலுவலகத்து மொட்டை மாடியில் ஏசி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சு ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, உள்ளே ஒரு சின்ன வலைக்குழாயை வைத்து உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண் விழித்த மனிதர் முதலில் சொன்னது, "உள்ள ஸ்பிரிங் போட்டிருக்காங்களாம். இனி துள்ளித் துள்ளித்தான் போவேன், பாத்துக்க" என்பதுதான். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ் அக்காவுக்கு இரண்டும் வரவில்லை.

அன்றிலிருந்து அவளுடைய கண்ணாடி வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் மாடி ஏறினால் பின்னாலேயே ஏறுவாள். இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். ஒருநாள் குளிக்கப் போனவர் உள்ளிருந்தே சத்தம் போட்டார்.

"ஏம்மா, இந்தக் கதவுத் தாழ்ப்பாள் எங்க போச்சு?"

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"உள்ள நீங்க விழுந்துட்டா கதவ உடைக்க யாரக் கூப்பிடுவேன்?"

"என் ஸ்குரூ டிரைவர எடுத்து என் வீட்டுத் தாழ்ப்பாளையே கழட்டியிருக்க. உன்னை என் கடையிலயே வேலைக்கு வச்சிருக்கலாம்."

நெஞ்சு இறுக்கினால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஒரு சின்ன மாத்திரைக் குப்பி கொடுத்திருந்தார். சாவிக்கொத்தையே வாரத்துக்கு ஒருதரம் தொலைக்கிறவர் கையில் அதைக் கொடுக்கலாமா? அவளே தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். தூங்கும்போதுகூட அந்தப் பை தலைமாட்டில்தான் இருக்கும்.

மலைக்குப் போகும் பேச்சு நெஞ்சுவலிக்கு முன்பே தொடங்கியிருந்தது. அவருடைய கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், தேசியப் பூங்கா ஒன்றின் உச்சியில் இருக்கும் ஏரியின் படம் இருந்தது. சுற்றிலும் மொட்டைப் பாறை, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர். வருஷம் முடிந்தும் அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. வருஷமெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குக் குளிர் வைக்கிற தனக்கு, ஒருதரமாவது சும்மா கிடைக்கிற குளிரில் போய் நிற்கவேண்டும் என்பார். உடம்பு தேறியதும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார்.

"டாக்டரே நடக்கச் சொல்லிட்டாரு."

"டாக்டர் தெருவுல நடக்கச் சொன்னாரு."

"மலையும் தெரு மாதிரிதான். கொஞ்சம் சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

அவளே நேரில் போய் டாக்டரைக் கேட்டாள். மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், மாத்திரை கூடவே இருக்க வேண்டும் என்றார் அவர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா ஆசப்படுறார்னு நீயும் சரின்னுட்டியா? ஒரு நிமிஷம்கூட அவர தனியா விட்றாத. சொல்லிட்டேன்."

"நான் எங்கடி விடப்போறேன்?"

பள்ளி விடுமுறையில் கிளம்பினார்கள். ரயிலில் இறங்கி மினி பஸ் பிடித்து மலை ஏறினார்கள். வளைவுக்கு வளைவு அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. பூங்கா வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பஸ் ஓட்டியவனைவிட அவள்தான் அதிகம் களைத்திருந்தாள்.

வாசலில் மரப்பலகை அடித்த ஒரு சிறிய அறை. வெளியே பெஞ்சில் வனக்காவலர் பூட்ஸை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"சார், மதியத்துக்கு மேல மஞ்சு இறங்கிடும், அதான் மூடுபனி. அதுக்குள்ள திரும்பிடணும். பாலம் தாண்டினா போன் எடுக்காது. அதுக்கு மேல பாதை ரெண்டாப் பிரியும். ஏரிக்கு இடது பக்கம். வலது பக்கம் போயிடாதீங்க, அது போன மழையில சரிஞ்சு கிடக்கு."

"மேல வேற ஆளுங்க போயிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு நீங்கதாம்மா. கூட்டம் சனி ஞாயிறுதான் வரும்."

கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வந்ததே அவருடைய யோசனைதான். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

நடந்தார்கள். நீலத் தொப்பியும் கைத்தடியுமாக அவரை முன்னால் விட்டு அவள் பின்னால் வந்தாள். மரப்பாலத்துக்குக் கீழே ஓடை பாறைகளில் முட்டிக்கொண்டு ஓடியது. அதைத் தாண்டி, பாதை பிரிகிற இடத்தையும் தாண்டி, இடது பக்கம் ஏறினார்கள். மரங்களின் மேலெல்லாம் பாசி கம்பளிபோலப் படர்ந்திருந்தது. தரையில் ஈர இலைகள். இதெல்லாம் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் கண் முழுவதும் அவர் முதுகில்தான் இருந்தது. மூச்சு எப்படிப் போகிறது, சட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது, கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் போனதும் "உக்காருங்க" என்பாள். உட்காருவார். "ஒரு ஆரஞ்சு சாப்பிடுங்க" என்பாள். சாப்பிடுவார்.

"இப்படியே போனா ஏரி நம்மளப் பாக்க இறங்கி வந்துடும்" என்றார்.

மரங்கள் குறைந்து பாறைகள் தொடங்கிய இடத்தில் அவர் சட்டென்று நின்று கையை நீட்டினார். "அங்க பாரு, அங்க பாரு! குட்டியோட நிக்குது!"

எதிர்ப்பாறையில், கால் வைக்கவே இடமில்லாத விளிம்பில், மலையாடு ஒன்று குட்டியோடு நின்றிருந்தது. பஸ் அக்கா அதைப் பார்க்கவில்லை. அவர் பிடரியில் வியர்வை வழிகிறதே, இது நடந்த வியர்வையா வேறா என்று பார்த்தபடி ஒரு எட்டு வைத்தாள். கால் ஈர வேரில் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது. உடம்பு ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் நின்றது. உள்ளே எதுவோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

வலி வந்தபோது கத்தவில்லை. அவர் ஓடி வருவதைப் பார்த்ததும்தான் கத்தினாள். "ஓடாதீங்க! மெதுவா வாங்க!"

ஷூவைக் கழற்றும்போதே கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. அவர் அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"கைய எடுங்க. என்னைத் தூக்கினா நீங்க போய்ச் சேந்துடுவீங்க."

"அப்ப உன்ன இங்கயே விட்டுட்டுப் போகவா?"

"யாராச்சும் வருவாங்க."

"யாரு வருவா? அந்த ஆடா?"

போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறப் போனவரை அதட்டி இறக்கினாள். மேலே உச்சிப் பக்கம் வெள்ளையாக ஒன்று மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மஞ்சு. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தார். வழக்கமாக வரும் கேலி எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"இங்கருந்து அசையாத. கீழ போய் ஆளக் கூட்டிட்டு வர்றேன்."

"மெதுவா போங்க. உக்காந்து உக்காந்து போங்க. எனக்கு ஒன்னும் அவசரமில்ல."

அவர் கைத்தடி கல்லில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஓடைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

கைக்குட்டையால் கணுக்காலைக் கட்டலாம் என்று இடுப்புப் பையைத் திறந்தாள். கையில் மாத்திரைக் குப்பி தட்டுப்பட்டது.

"என்னங்க!" என்று கூப்பிட்டாள். பிறகு தொண்டை கிழிய அலறினாள். ஓடை அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக்கூட வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் இதைக் கொடுக்க மறந்துவிட்டாள். நெஞ்சில் குழாய் வைத்த மனிதனை, மாத்திரையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மலைச்சரிவில் தனியாக அனுப்பியிருக்கிறாள்.

அசையாதே என்று அவர் சொன்னது அதோடு போயிற்று. குப்பியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தவாறே கைகளை ஊன்றி நகர ஆரம்பித்தாள். ஒவ்வொரு கல்லாக இறங்கினாள். முறிந்த கால் எதிலாவது பட்டால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் நின்று மூச்சு விடுவாள். உடனே கண்ணுக்குள் அவர் வந்துவிடுவார். பாதையோரம் சாய்ந்து கிடப்பார், சட்டைப் பைகளில் கைவிட்டுத் துழாவுவார், ஒவ்வொரு பையும் காலியாக இருக்கும். மறுபடி நகருவாள்.

மஞ்சு அவளைத் தாண்டி இறங்கிவிட்டது. கைக்கெட்டும் தூரத்து மரம்கூட நிழல்போல்தான் தெரிந்தது. உள்ளங்கைகள் உரிந்து எரிந்தன. மகளிடம் என்ன சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்ல நேரும் வார்த்தைகள்கூட ஒவ்வொன்றாக நாக்குவரை வந்தன. தலையை உதறிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி இறங்கினாளோ தெரியாது. பாதை பிரிகிற இடம் வந்தது. அங்கே, வலது பக்கத்துப் பாதையின் வாயில் கிடந்த கல்மேல், அவருடைய நீலத் தொப்பி இருந்தது.

தொப்பி மட்டும்தான் இருந்தது. ஆள் இல்லை.

வலது பக்கம்தான் சரிந்து கிடக்கிறது என்று வனக்காவலர் சொன்னது காதில் திரும்பக் கேட்டது. மஞ்சில் வழி தப்பி இந்தப் பக்கம் போய்விட்டாரா? மயக்கம் வந்து இங்கே உட்கார்ந்து, எழுந்து, தடுமாறி... வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு விளிம்புவரை போனாள். எட்டிப் பார்த்தாள். வெள்ளைக்குள் கொஞ்சம் கீழே, கறுப்பாக ஏதோ நீளமாகக் கிடந்தது.

"என்னங்க..." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "என்னங்க, நான் வந்துட்டேன். மாத்திரை கொண்டாந்துட்டேன். கைய மட்டும் ஆட்டுங்க. ஒரு விரல ஆட்டுங்க போதும்."

கறுப்பு அசையவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். திட்டினாள், கெஞ்சினாள், மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இறங்க வழியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாள். கை வைத்த இடமெல்லாம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போது காற்று ஒருதரம் வீசி மஞ்சு கிழிந்தது. கீழே கிடந்தது ஒரு மரக்கட்டை. எப்போதோ இடி விழுந்து கருகிய கட்டை.

முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நிற்பதற்குள் கீழேயிருந்து ஆள் குரல் கேட்டது.

வனக்காவலரும், பாதை செப்பனிடும் ஆட்கள் இரண்டு பேரும், மூங்கில் கழியில் கித்தான் கட்டிய தூளியோடு வந்தார்கள்.

"அம்மா! நீங்க மேலதான இருக்கணும்? இங்க எப்படி வந்தீங்க?"

"அவரு எங்க?"

"சார் பாலத்துல இருக்காரு. நாங்க வேண்டாம்னு சொல்லியும் கேக்காம எங்க கூடவே திரும்ப ஏறிட்டாரு. முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் பாலத்துலயே உக்கார வச்சுட்டு வந்தோம்."

முகம் ஒரு மாதிரி. அந்த வார்த்தை பாலம் வரைக்கும் அவளோடு தூளியில் வந்தது.

பாலத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த காக்கிக் கோட்டுக்குள் சின்னப் பிள்ளைபோல் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. தூளியைக் கண்டதும் எழுந்தார். அவளுக்கு முதலில் வாயில் வந்தது மாத்திரைப் பேச்சு இல்லை.

"தொப்பிய ஏங்க கழட்டி வச்சீங்க?"

"உன்னைத் தேடி ஏறி வர்றவங்க மஞ்சுல வலது பக்கம் மாறிப் போயிடக்கூடாதுல்ல. இந்த வழி இல்லன்னு அடையாளம் வச்சேன்."

"அடையாளமாம் அடையாளம்!" என்று அவர் தோளில் ஓங்கி ஒரு குத்துவிட்டாள். அடுத்த நொடி அதே தோளைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். தூளி தூக்கியவர்கள் பாவம், ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. படம் எடுத்து, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே பஸ் அக்கா நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். "என்னை அப்பறம் பாருங்க. அவருக்கு முதல்ல நெஞ்சப் பாருங்க." கடைசியில் அந்த நர்ஸ், வாயை அடைப்பதற்காகவாவது இருக்கட்டும் என்று, அவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினாள். டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை, இன்று ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. அவர் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம்.

"வழியில வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. அதில் கேலி இல்லை.

"பாலத்துக்கு முன்னாடி இறுக்கிச்சு. பையில கைய விட்டேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, உன்கிட்ட இருக்குன்னு. அப்படியே உக்காந்துட்டேன். அது நெஞ்சா, வெறும் பயமா, எனக்குத் தெரியல. எப்பவுமே தெரியறதில்ல."

"எப்பவுமேன்னா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து. காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல நெஞ்சுல கை வச்சுப் பாப்பேன், ஓடுதான்னு. மாடி ஏறும்போது ஒவ்வொரு படியிலயும் இதுதானா, இதுதானான்னு இருக்கும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"உன்கிட்டயா? நான் தும்மினாலே நீ தாழ்ப்பாளக் கழட்டுற. இதையும் சொன்னா எங்க போய் நிக்கும்? பஸ் நிறைய பிள்ளைங்கள வச்சு ஓட்டுறவ நீ."

பஸ் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை நாளும் இந்த வீட்டுப் பயம் முழுவதையும் தான் ஒருத்தியே தூக்கிச் சுமப்பதாக நினைத்திருந்தாள். அவர் சிரிக்கும்போதெல்லாம், இந்த மனிதனுக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கிறதா பார் என்று மனதுக்குள் எரிந்து விழுந்திருக்கிறாள். இப்போது வந்ததும் முதலில் கோபம்தான்.

"அவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு மலைக்கு ஏன் வந்தீங்க?"

"வீட்லயும் பயந்துகிட்டுத்தான உக்காந்திருக்கேன்? அதுக்கு ஏரியையாச்சும் பாத்துக்கிட்டுப் பயப்படலாமேன்னு பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் வலித்தது, ஆனாலும் சிரித்தாள். திரைக்கு அடியில் கையை நீட்டினாள். கட்டில்களுக்கு நடுவில் இடம் அதிகம். கை எட்டவில்லை. அவர் எழுந்து திரையை விலக்கி, நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மகள் வந்து இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். யார் யாரைத் தனியாக விட்டது என்ற கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. மாவுக்கட்டோடு பஸ் அக்கா வீட்டில் கிடந்த காலம் முழுவதும் அவளுடைய தடத்தில் வேறொரு டிரைவர் ஓட்டினார். தினமும் மாலையில் அந்த டிரைவருக்குப் போன் போட்டு, சீட்டுக்கு அடியில் பார்த்தாயா என்று கேட்டு அவர் உயிரை எடுத்தாள்.

மாத்திரைக்கு இன்னொரு குப்பி வாங்கியாயிற்று. அது மெக்கானிக்கின் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டுதரம் தொலைத்தார், இரண்டுதரமும் அவரே கண்டுபிடித்தார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கட்டுப் பிரித்து அவள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், அவர் கடையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் அவள் ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. காலையில் டீ கொடுக்கும்போது, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று அவள் இப்போது கேட்பதில்லை.

"இன்னைக்குப் பயம் எவ்வளவு?" என்று கேட்கிறாள்.

"நேத்தைக்கு இருந்த அளவு இல்ல. உனக்கு?"

"எனக்குக் கொஞ்சம் கூடத்தான். வெளிய மழை தூறுது, ரோடு வழுக்கும்."

"அப்ப நிதானமா போ" என்கிறார் அவர், டீயை ஊதிக்கொண்டே.